ராயபுரமா, திருவள்ளூரா, புறநகர்த் தனியாரா? புதிய பாடத்திட்டத்தில் எம்.பி.பி.எஸ். இடம் தேர்வது

நீட் ரேங்க் பட்டியல் வெளியாகும் வாரத்தில் என் கிளினிக்குக்குக் காய்ச்சல்காரர்களைவிட அப்பா அம்மாக்கள்தான் அதிகம் வருவார்கள். வியாசர்பாடியில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன கிளினிக். இந்தப் பக்கம் பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்பும் வீடுகளில் முக்கால்வாசி முதல் தலைமுறை. விசாரிக்க வீட்டில் ஆள் கிடையாது, அதனால் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் வந்தவர் ஆட்டோ ஓட்டுபவர். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தாள். "டாக்டரம்மா, ஸ்டான்லி கெடச்சா கண்ணை மூடிட்டு சேத்துடலாம்ல? திருவள்ளூர்ல ஒண்ணு புதுசா இருக்குதாம். பிரைவேட்டும் வருதாம், அதுக்கும் கவர்மென்ட்டே ஃபீஸ் கட்டுதாம். எதை மொதல்ல போடறது?"

2019-க்கு முன்னால் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பேன்: பழையது, பெரியது, அரசுடையது. வரிசை அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த வரிசை பெரும்பாலும் சரிதான். ஆனால் பாடத்திட்டம் மாறிய பிறகு, ஒரு கல்லூரிக்குள் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்பதே மாறிவிட்டது. அதைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துக் கவுன்சலிங்கில் சாய்ஸ் (எந்தக் கல்லூரி முதலில் என்ற வரிசை) நிரப்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## எது மாறியது

நான் படித்தது 1997 விதிமுறையில், தெற்கே ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாம். முதல் வருஷம் முழுக்க லெக்சர் ஹாலும் டிஸெக்ஷன் ஹாலும். உயிருள்ள நோயாளியைப் பார்த்ததே இரண்டாம் வருஷம்தான். அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு போஸ்டிங் முழுக்கக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். அந்த யூனிட் சீஃபுக்குக் கடைசிவரை என் பெயர் தெரியாது. டிரெஸ்ஸிங் செய்யக் கற்றுக்கொடுத்தது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. கடைசித் தேர்வில் கேஸ் சொல்லத் தெரிந்தால் பாஸ். நடுவில் எப்படிக் கற்றோம் என்று யாரும் கேட்கவில்லை.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-இல் மூன்று தொகுதிகளாகத் திறன்வழிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. 2019-இல் சேர்ந்த அணியிலிருந்து அது நடைமுறை. மாணவர் வாயில் அதற்குப் பெயர் 'சிபிஎம்இ'. ஒவ்வொரு பாடமும் சின்னச் சின்னத் திறன்களாக உடைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு மட்டமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. தெரிந்திருந்தால் போதும் என்பது ஒரு மட்டம், செய்து காட்ட வேண்டும் என்பது ஒன்று, தானே தனியாகச் செய்ய வேண்டும் என்பது உச்ச மட்டம். சான்றளிக்க வேண்டிய திறன்களுக்கு லாக்புக். அதில் தேதி, முதல் முயற்சியா மறுமுயற்சியா, எதிர்பார்த்த அளவுக்குக் கீழா, சரியா, மேலா என்று கட்டங்கள். முடிந்தது, திரும்பச் செய், தனிப்பயிற்சி தேவை என்று ஆசிரியர் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதோடு முதல் வருஷத்திலேயே நோயாளியைப் பார்க்க வைப்பது. நோயாளியோடு பேசுவது, ஒழுக்கம், மனப்பாங்கு ஆகியவற்றுக்கு 'ஏட்காம்' என்ற தனி வகுப்பு. தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பயிற்சி, பின்னால் அதைச் சுருக்கிவிட்டார்கள். விருப்பத் துறையில் சில வாரங்கள். 2021-22 அணியிலிருந்து கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் திட்டம் வேறு. 2020-இல் கவுன்சில் போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. விதிகள் இன்னும் அசைந்துகொண்டே இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வந்த வழிகாட்டி, சட்ட மருத்துவப் பகுதி மீது எழுந்த எதிர்ப்பால் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டு, செப்டம்பர் 12-ஆம் தேதி திருத்தி வந்தது. ஆசிரியர்களும் ஓடிக்கொண்டேதான் இதைப் படிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பழைய முறை, யாரும் நம்மைப் பார்க்காவிட்டாலும் ஓடியது. புதிய முறை, யாராவது நம்மைப் பார்த்தால்தான் ஓடும். லாக்புக்கில் கையெழுத்துப் போடுகிறவர், அந்தக் காரியத்தைப் பிள்ளை செய்தபோது பக்கத்தில் நின்றாரா? அல்லது மாதக் கடைசியில் முப்பது நோட்டை அடுக்கிவைத்து ஒரே மூச்சில் போட்டாரா? கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுவது இங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

கற்கும் சூழலை அளக்க மருத்துவக் கல்வியில் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஸ்காட்லாந்தின் டன்டீயில் 1997-இல் உருவானது. சுருக்கப் பெயர் 'டிரீம்'. 50 வாக்கியங்கள், மொத்தம் 200 மதிப்பெண். மாணவரிடம் ஐந்து விஷயத்தைக் கேட்கும்: கற்பித்தல் எப்படி, ஆசிரியர் எப்படி, நான் தேறுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறதா, வார்டிலும் வகுப்பிலும் காற்று எப்படி, நண்பர்களும் தங்குமிடமும் எப்படி. 100-க்குக் கீழே போனால் நிறையக் கோளாறு, 150-க்கு மேல் போனால் அருமை. நம் ஊர்க் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு யாரும் நம் கையில் தரப்போவதில்லை. ஆனால் கேள்விகள் நல்ல கேள்விகள். அவற்றை நம் வீட்டுக் கணக்குக்கு மாற்றினால் இப்படி வரும்:

- நோயாளி: எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு, பிள்ளையின் முறை வருமா என்பதும்.
- ஆசிரியரின் கண்: குழு எவ்வளவு பெரிது, திருத்த ஆள் இருக்கிறதா.
- நேரம்: பயணத்துக்கும் எழுத்து வேலைக்கும் எவ்வளவு போகிறது.
- காற்று: பயம், மொழி, துணை.
- பணம்: ரசீதில் வருவதும் வராததும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குள்ளேயே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணில் எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 40 சதவீதம், இரண்டும் சேர்த்து 50 சதவீதம் இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியும். வருகை எழுத்து வகுப்புக்கு 75, செய்முறைக்கு 80. முதல் வருஷத் தேர்வுக்கு மொத்தம் நான்கு வாய்ப்புதான். ஆகவே முதல் வருஷம் எங்கே தாக்குப்பிடிக்க முடியும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

## பெரிய பழைய கல்லூரி: ராயபுரம்

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ராயபுரத்து ஸ்டான்லியை இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்த இடம், 1938-இல் கல்லூரியானது. இன்று ஆண்டுக்கு 250 பேர் சேர்கிறார்கள்.

நோயாளி விஷயத்தில் இதற்கு இணை சொல்வது கஷ்டம். துறைமுகம், காசிமேடு, மணலி, எண்ணூர் எல்லாம் இந்த வாசலுக்குத்தான் வரும். பிரஸ் மெஷினில் விரல் போனவர், லேத்தில் கை மாட்டியவர் என்று இந்தத் தொழிற்சாலைப் பக்கத்தின் கைகளெல்லாம் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்றன. முதல் வருஷத்துப் பிள்ளை காலையில் டிஸெக்ஷன் மேசையில் விரல் நரம்பையும் தசைநாணையும் தேடிவிட்டு, அதே வளாகத்தில் அந்தத் தசைநாண் அறுந்து விரல் மடங்காத ஒரு தொழிலாளியைப் பார்க்கலாம். முதல் வருஷத்திலேயே நோயாளியைக் காட்டு என்று புதிய பாடத்திட்டம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? பிரசவம் பார்க்கப் பக்கத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்தால் ஒரு குழுவில் 31 பேர். காட்டு, கவனி, உதவு, செய் என்று நான்கு படியில் கற்பிக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம். ஒரு கட்டிலைச் சுற்றி 31 பேர் நின்றால் முதல் இரண்டு படி நடக்கும். அடுத்த இரண்டு படிக்குக் கை நீட்டி முன்னால் வருகிற ஐந்தாறு பேருக்குத்தான் வழி. இது எந்தக் கல்லூரியின் குற்றமும் இல்லை, எண்ணிக்கையின் குணம்.

பெரிய கல்லூரி இதை வேறு வழியில் ஈடுகட்டுகிறது. அங்கே பாடம் சாயங்காலம்தான் நடக்கும். ஓ.பி. கூட்டம் கலைந்து, பேராசிரியர்கள் வீட்டுக்குப் போன பிறகு, வார்டில் பி.ஜி.க்கள், அதாவது மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள், இருப்பார்கள். பொறுமையுள்ள ஒரு பி.ஜி. கையில் சிக்கிய மாணவிக்கு எட்டு மணிக்கு மேல் கிடைக்கும் பாடம் எந்த டைம்டேபிளிலும் இருக்காது. என் அண்ணன் மகள் சென்னையில் இன்னொரு பெரிய கல்லூரியில் இப்படித்தான் பாதி மெடிசின் கற்றாள்.

இங்கேதான் வடசென்னைப் பெற்றோர் ஒரு தப்பு செய்கிறார்கள். "வீடு பக்கம்தானே, ஹாஸ்டல் எதுக்கு?" வீட்டிலிருந்து போகிற பிள்ளை ஐந்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடும். பெரிய கல்லூரியின் நிஜப் பாடம் தொடங்கும் நேரத்தில் அது மகாகவி பாரதி நகரில் டீ குடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் பத்துக்குப் பத்து ரூம், டிவி, தம்பி, கல்யாண வீடு, துக்க வீடு. மிச்சப்படுத்தும் ஹாஸ்டல் காசு கண்ணுக்குத் தெரியும். போகும் சாயங்காலம் தெரியாது. ராயபுரம் கிடைத்தால் ஹாஸ்டலில் போடுங்கள்; முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பிள்ளை வரும் என்று இப்போதே மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

மறைவாக இன்னொரு செலவு: குடும்பத் தத்தெடுப்புக்குக் கிராமம் வேண்டும். நகரக் கல்லூரிக்குக் கிராமம் பஸ் தூரத்தில்தான் இருக்கும். ஒரு சந்திப்புக்கு அரை நாள் சாலையிலேயே போகும்.

கூச்சப்படாமல் "சார், நான் பார்க்கட்டுமா?" என்று கேட்கிற பிள்ளைக்கு இது பொன்னான இடம். கேட்கத் தெரியாத பிள்ளை நாலரை வருஷமும் பின்வரிசையில் நின்றே டாக்டராகிவிடும். எனக்குத் தெரியும், நான் அப்படி ஆனவள்தான்.

## புதிய மாவட்டக் கல்லூரி: திருவள்ளூர்

2022 ஜனவரி 12-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சேர்த்து 1,450 இடங்கள். அதில் திருவள்ளூருக்கு 100. கட்டடம் புதுசு என்பதைவிட முக்கியம், இவை திறன்வழி முறைக்குள்ளேயே பிறந்த கல்லூரிகள். "அந்தக் காலத்துல நாங்க" என்று ஆரம்பிக்கும் பழக்கம் சுவரில் ஊறியிருக்காது.

அதே கணக்கை இங்கே போட்டால் குழுவுக்கு 12, 13 பேர். நாலு படியும் நடக்க வாய்ப்பு உண்டு. அனாட்டமி மேசையைச் சுற்றிப் போதிய இடம். ஆசிரியருக்கு இரண்டாவது மாதத்திலேயே பெயர் தெரிந்துவிடும். தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும் பிள்ளைக்கு, தன் தடுமாற்றம் யார் கண்ணிலாவது படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர் தெரிவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு ஆசிரியருக்குப் பிடிக்காமல் போனால் ஒளிய இடம் இல்லை. இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில். பெரிய கல்லூரியில் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம், இங்கே முடியாது.

குழு சின்னது என்றாலே ஆசிரியர் கவனம் கிடைக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆசிரியர் பற்றாக்குறை, வருகைப் பதிவு பற்றி 2025-இல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றிடம் ஆணையம் விளக்கம் கேட்டது. புதிது பழையது என்று பார்க்காமல் எல்லாப் பக்கமும் இருக்கும் நோய் அது. ஆனால் பெரிய கல்லூரியில் ஒரு பேராசிரியர் இடம் காலியானால் தாங்கிக்கொள்ளப் பி.ஜி. கூட்டம் இருக்கும். சின்னக் கல்லூரியில் அந்தத் துறையே ஒரு வருஷம் ஊமையாகிவிடலாம். சீனியர்களும் குறைவு, முதல் அணியே 2022-இல்தான் உள்ளே போனது. எந்த நோட்ஸ், எந்தப் புத்தகம், எந்த வார்டில் யாரிடம் கேட்பது என்ற வாய்வழிச் செல்வம் அங்கே இப்போதுதான் சேர்கிறது.

நோயாளிகள்? மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வருகிறவர்கள்: பிரசவம், காய்ச்சல், சர்க்கரை, பாம்புக்கடி, பூச்சிமருந்து, நெடுஞ்சாலை விபத்து. எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப்போகிறவருக்குத் தேவையான அத்தனையும் இதுதான். அரிய நோய், சிக்கலான அறுவைச் சிகிச்சை எல்லாம் ஆம்புலன்ஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிடும், மாணவர் வால்பக்கத்தைத்தான் பார்ப்பார். கிராமம் மட்டும் பக்கத்திலேயே. தத்தெடுத்த குடும்பத்தின் வீட்டில் மோர் குடித்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

பயணம் பற்றி ஒரு எச்சரிக்கை. வியாசர்பாடி ஜீவாவில் ஏறினால் திருவள்ளூருக்கு நேர் மின்சார ரயில். அதுதான் ஆபத்து. "டெய்லி போய் வந்துடலாம்" என்று தோன்றும். ஒரு வழிக்கு ரயிலில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரண்டு முனையிலும் ஆட்டோ, காத்திருப்பு. முதல் வருஷத்துப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் பயோகெமிஸ்ட்ரி மொத்தமும் ஜன்னலோரத்தில் தூங்கிப் போகும். ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, சனி ஞாயிறு ரயிலில் வரச் சொல்லுங்கள்.

## புறநகர்த் தனியார் கல்லூரி

இந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்துத்தான் பேச முடியும், ஏனென்றால் பணம் யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது வேறு வேறு பொருள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்படியும் யாராவது வேறு பெயரில் பணம் கேட்டால், எழுத்தில் கேளுங்கள், ரசீது கேளுங்கள். மற்றவர்களுக்கு அரசு ஒதுக்கீட்டிலேயே ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேல். நாலரை வருஷத்துக்கு அதுவே 18 லட்சத்தைத் தாண்டும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கே பத்து லட்சத்துக்கு மேல். அரசுக் கல்லூரியிலோ ஆண்டுக்கு இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் பஸ், மெஸ், முன்பணம், அபராதம். அடகு வைத்துப் படித்த பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் வீடே நடுங்கும். அந்த நடுக்கமும் கற்கும் சூழலில் சேர்த்திதான்.

படிப்பு? பல தனியார் கல்லூரிகளில் டைம்டேபிள் டைம்டேபிளாக நடக்கும். சின்னக் குழு வகுப்புக்குத் தனி அறை, ஸ்கில் லேபில் பொம்மைகள், ஏட்காம் வகுப்புக்கு ஏ.சி. பாடத்திட்டத்தில் எழுதியிருப்பது அத்தனையும் தாளில் கச்சிதமாக இருக்கும். பொம்மை நல்லது, ஊசி குத்தக் கற்றுக்கொள்ளும்போது முதலில் பொம்மைக்குத்தான் குத்த வேண்டும். ஆனால் கட்டிலில் ஆள் இருக்கிறதா? பணம் கட்டிப் படுத்திருக்கும் நோயாளி, மாணவர் பத்துப் பேர் வயிற்றை அமுக்குவதை விரும்ப மாட்டார். இலவச வார்டு எவ்வளவு பெரிது, அது நிறைந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் லாக்புக்கைக் காட்டினான். எல்லாக் கட்டத்திலும் முதல் முயற்சியிலேயே 'முடிந்தது'. இன்சுலின் போடத் தெரியுமா என்றேன். பொம்மைக்குப் போட்டிருக்கிறானாம்.

எல்லாம் அப்படி இல்லை. கூட்டம் வழியும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ஒரு திங்கள்கிழமை காலை ஓ.பி. பக்கம் நடந்துபார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

காற்றையும் யோசியுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை, பக்கத்து இருக்கையில் காரில் வந்து இறங்கும் பிள்ளை. கேன்டீனில் ஒரு காபிக்கு யோசிக்க வேண்டிய இடத்தில் நட்பு அமைவது கொஞ்சம் கஷ்டம். சில பிள்ளைகள் அதை அலட்டிக்கொள்வதில்லை, சில பிள்ளைகள் உள்ளுக்குள் சுருங்கிவிடும். அது உங்களுக்குத்தான் தெரியும்.

சான்றிதழ் கவலை வேண்டாம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் ராயபுரத்துப் பிள்ளை எழுதும் அதே கேள்வித்தாள்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே தேர்வு நடத்தும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | ராயபுரம் | திருவள்ளூர் | புறநகர்த் தனியார் |
|---|---|---|---|
| நோயாளி | அளவில்லை; முறை வருவதுதான் கஷ்டம் | அன்றாட நோய்கள் ஏராளம்; சிக்கலானவை சென்னைக்குப் போய்விடும் | கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; நேரில் போய்ப் பாருங்கள் |
| ஆசிரியரின் கண் | பகலில் குறைவு, சாயங்காலம் பி.ஜி.க்கள் | குழு சிறிது. துறையில் ஆள் இருந்தால் நல்லது | வகுப்பில் உண்டு. கட்டிலருகே தெரியாது |
| நேரம் | வீட்டிலிருந்து போனால் சாயங்காலப் பாடம் போகும் | தினமும் ரயில் வேண்டாம் | கல்லூரி பஸ் நேரமே சட்டம் |
| கிராமப் பணி | பஸ் தூரம் | பக்கம் | பெரும்பாலும் பக்கம் |
| முதல் தலைமுறைப் பிள்ளைக்கு | தைரியம் இருந்தால் | தடுமாற்றம் கண்ணில் படும் | துணை கிடைப்பதைப் பொறுத்தது |
| பணம் | மிகக் குறைவு | மிகக் குறைவு, கூட ஹாஸ்டல் | 7.5 இல்லையென்றால் லட்சங்களில் |

## சாய்ஸ் நிரப்பும்போது

ரேங்க் இடம் கொடுத்தால், வாய் திறந்து கேட்கும் பிள்ளைக்கு ராயபுரம் முதலில். கூச்ச சுபாவம், தமிழ் வழி, வீட்டில் படிக்க மூலை கிடையாது, ஹாஸ்டலுக்கு அனுப்ப மனசு உண்டு என்றால் திருவள்ளூரை முதலில் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 7.5-இல் தனியார் இடம் வந்து, தூரத்து மாவட்டத்து அரசு இடமும் வந்தால், பெரும்பாலும் அரசு இடத்தைத்தான் சொல்வேன். உடம்பு சரியில்லாத பிள்ளை, வீட்டை விட்டுப் போகவே முடியாத நிலைமை என்றால் மட்டும் மாற்றிச் சொல்வேன். கடன் வாங்கித்தான் தனியார் என்றால், இன்னொரு வருஷம் நீட் எழுதுவதையும் அதே பட்டியலில் ஒரு வரியாக வைத்துப் பாருங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் மூன்றாம் வருஷத்திலிருந்து ஒரு போட்டி வரும்: மொபைலில் இருக்கும் கோச்சிங் ஆப். பி.ஜி. நுழைவுத்தேர்வு பயத்தில் வார்டை விட்டுவிட்டு ஹாஸ்டல் அறையில் வீடியோ பார்ப்பார்கள். கடைசி வருஷத் தேர்வையும் பி.ஜி. நுழைவையும் ஒன்றாக்கும் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு 2019 மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது, அது தள்ளிப்போகப் போக அந்தப் பயமும் நீள்கிறது. வார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் பிள்ளைகள் ஆப்புக்குள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

முடிந்தால் சேர்வதற்கு முன் ஒரு நாள் நேரில் போங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள். வாசல் டீக்கடையில் நிற்கும் இரண்டாம் வருஷத்துப் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உன் குழுவில் எத்தனை பேர்? கடைசியாக யார் உன்னைத் திருத்தினார்கள்? உன் லாக்புக்கில் எங்கேயாவது 'திரும்பச் செய்' என்று எழுதியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குச் சிரித்தால், எதற்குச் சிரித்தது என்றும் கேளுங்கள்.

ஆட்டோக்காரர் மகள் திருவள்ளூரை முதலில் போட்டாள். அப்பாவுக்கு அரைமனசு. "ஸ்டான்லின்னா தெருவுல சொல்லிக்கலாம்" என்று கிளம்பும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கண் கலங்கி என் கிளினிக்குக்கு வந்தாள். பிசியாலஜி லாக்புக்கை நீட்டினாள். ரத்த அழுத்தம் பார்ப்பது, முதல் முயற்சி, 'எதிர்பார்த்த அளவுக்குக் கீழ்', தீர்ப்பு 'திரும்பச் செய்'. ஓரத்தில் பேனாவால் ஒரு வரி: கஃப்பை முழங்கை மடிப்புக்கு மிக அருகில் கட்டுகிறாய்.

"எனக்கு மட்டும்தான் டாக்டரம்மா இப்படிப் போட்டிருக்காங்க" என்றாள்.

என் பி.பி. மெஷினை எடுத்து மேசையில் வைத்துச் சட்டைக் கையை மடித்துக் கொடுத்தேன். இந்த முறை சரியான இடத்தில் கட்டினாள். எனக்கு 150-க்கு 90.